முகம் தெரியாத படம்

மொன்றியல்
12.4.1986

அன்புள்ள மீனாவுக்கு,

நான் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அரைப் பக்கம்கூட நிரம்பாத கடிதத்தில் அதை எப்படி நம்புவது? ஒரு வருடமாக, வீட்டு விலாசத்துக்கு எழுதாதீர்கள், எலிசா ரீச்சரின் விலாசத்துக்கே எழுதுங்கள் என்கிறாய். காரணம் சொல்லவில்லை. கட்டிய மனைவிக்குக் கடிதம் எழுத எனக்கு ஏன் இன்னொருவர் வீட்டு வாசல்?

சரி, ஒரு புதினம் சொல்கிறேன். நான் கூட்டித் துடைக்கிற ஆஸ்பத்திரியில் வின்சன்ட் என்று ஒருவர் கொதிகலன் பார்க்கிறார். கோட்-டெ-நெய்ஜில் எங்கள் அறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பின்னுக்கு ஒரு கொட்டில் வைத்து, பனியில் ஓடுகிற வண்டிகளைத் திருத்துகிறார். அவற்றுக்குச் சில்லு இல்லை. முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, அடியில் சுற்றுகிற ரப்பர் பட்டி. ஒன்றின் மூடியைத் திறந்து காட்டினார். இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், நானூற்று நாற்பது சிசி. பெற்றோலுக்குள் எண்ணெய் கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்துக் கிளப்பினார். அந்தப் புகை மூக்கில் பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றரை வருடமாக இந்தக் கை துடைப்பத்தைத் தவிர வேறொன்றும் பிடிக்கவில்லை.

மூலையில் எஞ்சின் செத்த பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. "இந்தப் பனிவண்டி எஞ்சினை அதுக்குள்ள வைப்பமா?" என்று அரைகுறை இங்கிலீசிலும் கையாலும் கேட்டேன். வின்சன்ட் சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து என் கையில் தந்தார்.

உன்
சிவானந்தம்


மட்டக்களப்பு
7.5.1986

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை ரீச்சர் வீட்டுக் குசினியில் இருந்து வாசித்தேன். மோட்டார் சைக்கிள் என்ற சொல்லைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தேன். இயக்கப் பொடியன்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிளைத் திருத்திக் கொடுத்ததற்காகத்தானே ஆமிக்காரர் உங்களைத் தேடினார்கள். அவர்கள் பிடித்த அந்த வண்டி இன்னும் ஆமி முகாம் வாசலில் நிற்கிறது. சந்தைக்கு அந்த வழியால்தான் போக வேண்டும். நீங்கள் தகரம் வெட்டிப் போட்ட செயின் கவர் வெயிலில் பளபளக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

இனி அந்தத் தொழிலைத் தொடமாட்டேன் என்று கொழும்பு பஸ்ஸில் ஏறும்போது சொன்னீர்கள்.

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பனிக்கென்று செய்த எஞ்சின் குளிர்காற்றை நம்பித்தான் ஓடும். வெயில் காலத்தில் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். காபரேற்றரில் பெரிய ஜெற் போட்டீர்களா? பெற்றோல் கூடுதலாக வந்தால்தான் சூடு தணியும். பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள், வெள்ளை என்றால் சூடு கூட, மண்ணிறக் கபிலம் என்றால் சரி. எட்டு வருடம் உங்கள் கராஜில் சாமான் எடுத்துத் தந்தவள் நான், எனக்கும் கொஞ்சம் தெரியும்.

விலாசத்தை மாற்ற வேண்டாம். உறையின் பின்பக்கம் உங்கள் பெயரும் வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்.

என்றும் உங்கள்
மீனாம்பிகை


மொன்றியல்
16.6.1986

அன்புள்ள மீனாவுக்கு,

உன் கடிதம் வர இரண்டு நாள் பிந்திவிட்டது. அதற்குள் நீ சொன்னது நடந்து முடிந்தது.

எஞ்சின் அகலம் கூடியது. சட்டத்தின் இரண்டு குழாய்களை அறுத்து, வளைத்து, திரும்ப ஒட்டினோம். இதற்குக் கியர் பெட்டி கிடையாது. வேகம் கூடக்கூடத் தானாக விரிந்து சுருங்கும் கப்பிகள் இரண்டும் ஒரு பெல்ட்டும்தான். அந்தக் கப்பி என் இடது முழங்காலுக்கு நாலு அங்குலத்தில் சுழல்கிறது. அதற்கு எங்கள் கராஜில் போலவே தகரத்தில் ஒரு கவர் வெட்டிப் போட்டேன். பழைய கிட்டங்கி ஒன்றின் வெறும் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் எஞ்சின் இறுகிப் பின்சில்லு பூட்டிக்கொண்டது. முழங்கைத் தோல் போய்விட்டது. பயப்படாதே, எலும்பு முறியவில்லை. பிளக் சுண்ணாம்பு போல வெள்ளையாக இருந்தது. உன் கடிதத்தை வின்சன்டுக்குச் சொல்லிக் காட்டினேன். "உன் மனுசியைக் கூப்பிடு, உன்னை அனுப்பிவிடலாம்" என்றார்.

கூப்பிடத்தான் ஆசை. ஆனால் உனக்கு வர மனம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு படம் அனுப்பு என்று மூன்று தரம் கேட்டுவிட்டேன். என்னோடு அறையில் இருக்கிற உருத்திரமூர்த்திக்கு அவர் மனைவியின் படம் மாதத்துக்கு ஒன்று வருகிறது. "உம்மட ஆள் எப்பிடி இருப்பா?" என்று கேட்கிறார். கலியாணப் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறேன். இப்போது எப்படி இருக்கிறாய் மீனா? அதை நான் கேட்கக்கூடாதா?

சிவானந்தம்


மட்டக்களப்பு
11.7.1986

அன்புள்ள மச்சானுக்கு,

முழங்கைக்கு மருந்து கட்டினீர்களா?

படம் எடுக்க இப்போது வசதி இல்லை. ஸ்டூடியோ பூட்டிக் கிடக்கிறது. திறந்தாலும் நான் போகப் போவதில்லை. கோபிக்க வேண்டாம். நீங்களும் படம் அனுப்ப வேண்டாம், முக்கியமாக வீட்டுக்கு. நான் சொல்வதை ஒரு தரமாவது காரணம் கேட்காமல் செய்யுங்கள்.

பிளக் கபில நிறத்துக்கு வரும்வரை வேகமாக ஓட வேண்டாம்.

மீனாம்பிகை


மொன்றியல்
10.8.1986

மீனாவுக்கு,

வண்டி ஓடுகிறது. ஜெற்றை இரண்டு அளவு பெரிதாக்கினோம். சிலிண்டருக்குக் காற்றுப் பிடிக்க முன்னால் ஒரு தகரத் தடுப்பும் வைத்தேன். போன சனிக்கிழமை அதே முற்றத்தில் இருபது சுற்று ஓடினேன். பிளக் கபிலம். இறங்கிய பிறகு என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை, கராஜில் இருந்த நாள் போல. இதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வந்தேன். வந்து பார்த்தால் மேசையில் உன் பத்து வரிக் கடிதம்.

ஸ்டூடியோ திறந்தாலும் போகமாட்டாயாம். நான் என்ன நினைக்க வேண்டும்? மறைந்து எழுத வேண்டும், பெயர் போடக்கூடாது, முகம் காட்டக்கூடாது. நான் உன் புருசனா, களவாகப் பழகுகிறவனா? யாருக்குத் தெரியக்கூடாது என்று இந்த ஒளிப்பு?

வின்சன்ட் எடுத்த படம் ஒன்றை நேற்றே வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். கடிதம் வைக்கவில்லை. எழுத ஒன்றும் வரவில்லை. உறையை வின்சன்டே எழுதினார், பின்பக்கம் அவர் பெயரும் விலாசமும்தான். புறப்படுகிற நேரம் எடுத்தது, ஹெல்மெற் போட்டிருக்கிறேன், முகம் தெரியாது. வண்டியைப் பார். அதில் உனக்கு என்னைத் தெரியும்.

சிவானந்தம்


மட்டக்களப்பு
14.9.1986

என் மச்சானுக்கு,

இதை ரீச்சரின் தங்கை கொழும்பில் தபாலில் போடுவா. வாசித்ததும் எரித்துவிடுங்கள்.

நீங்கள் போன பிறகு ஆமிக்காரர் கிழமைக்கு இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார்கள். புருசன் எங்கே, எந்தக் காட்டில், யாரோடு என்று கேட்டார்கள். எத்தனை நாளைக்குத் தெரியாது என்று சொல்வது? போன வருடம் பங்குனியில் இந்தியாவுக்குப் போன வள்ளம் ஒன்று கவிழ்ந்தது. அதில் நீங்களும் போனீர்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் போதாது மச்சான், நம்பவும் வேண்டுமே. தாலியைக் கழற்றினேன். அது ரீச்சரின் தையல் பெட்டிக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். பொட்டில்லை. பக்கத்து வீட்டார் வந்து அழுதார்கள், நானும் அழுதேன். உயிரோடு இருக்கிற உங்களுக்கு முப்பத்தோராம் நாள் செத்தவீட்டுச் சடங்கு செய்து, சமைத்துப் படைத்தேன். சோற்றைக் கையில் எடுத்து, உங்கள் பெயரைச் சொல்லாமல் காகத்துக்கு வைத்தேன்.

நீங்கள் கேட்ட படத்தை இந்தக் கோலத்தில் எப்படி எடுப்பேன்? இதை உங்களுக்கு எந்த வாயால் சொல்வேன்? அதனால்தான் பத்து வரியோடு நிறுத்தினேன்.

உங்கள் உறையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை என்னை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். முகாம் பெரியவரின் மேசையில் படம் கிடந்தது. மொழிபெயர்க்க ஒருவன் நின்றான்.

"இது ஆர்?"

"எங்கட அண்ணன். நகுலேஸ்வரன். ஏழு வருசத்துக்கு முந்திக் கப்பல் வேலைக்குப் போனவர்."

பெரியவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யன்னலால் வாசலில் நிற்கிற அந்த மோட்டார் சைக்கிளைக் காட்டினார்.

"உன்ட புருசனும் இப்பிடித்தான் தகரம் வெட்டுவான் எண்டு ஐயா சொல்றார்."

"அவர் எங்கட அண்ணனிட்டத்தான் தொழில் பழகினவர்," என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. நிற்க வைத்தார்கள். ஞாயிறு பின்னேரம் விடும்போது பெரியவர் ஒன்று சொன்னார். தங்கை விதவையானால் அண்ணன் வெறும் படமா அனுப்புவான், கடிதம் எழுதமாட்டானா? வரட்டும், பார்ப்போம்.

அண்ணனின் கடிதம் வர வேண்டும் மச்சான். வீட்டு விலாசத்துக்கு. உங்கள் கையெழுத்தில் வேண்டாம், கராஜ் பில் புத்தகங்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. அண்ணனின் எழுத்து இங்கே ஒருவரிடமும் இல்லை. அவர் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ, என்னை மன்னிக்கட்டும்.

வண்டி அழகாக இருக்கிறது. முகம் தெரியாவிட்டாலும் கைப்பிடியைப் பிடித்திருக்கிற விதத்தில் தெரிந்தது. அந்த மேசைக்கு முன்னால் நின்று, தெரியாததுபோல் பார்த்தேன்.

மீனா


மொன்றியல்
8.10.1986

அன்புள்ள தங்கச்சி மீனாம்பிகைக்கு,

அண்ணன் நகுலேஸ்வரன் எழுதுவது. இத்தனை வருடம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்த என்னை நீ மறந்திருந்தாலும் குறை சொல்லமாட்டேன். கப்பலை விட்டு இறங்கி இங்கே ஒரு வேலையில் இருக்கிறேன். அண்மையில் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். மச்சான் சிவானந்தம் கடலில் போன செய்தியை அவர்தான் சொன்னார். அதை அறியாமல் மோட்டார் சைக்கிளோடு ஒரு படம் எடுத்து, கூட வேலை செய்கிறவரின் பெயரிலும் விலாசத்திலும் உனக்கு அனுப்பியிருந்தேன். நீ துக்கத்தில் இருக்கிற நேரம் அது எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்தது பிழை. மன்னித்துக்கொள்.

மச்சானை எனக்கு நன்றாகத் தெரியும். கைவேலையில் கெட்டிக்காரன். எஞ்சினுக்குள் என்ன கோளாறு என்பதைக் காது வைத்துச் சொல்வான். வீட்டில் இருக்கிறவள் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்பதை மட்டும் அவனுக்குக் கேட்கத் தெரியாது. உனக்குக் கோபமாக ஏதும் சொல்லியிருந்தால் அதை மனதில் வைத்திராதே. நீ எவ்வளவு சுமந்தாய் என்று அவனுக்குக் கடைசியில்தான் தெரிந்திருக்கும். தெரிந்தபோது அவன் உன்னைக் கும்பிட்டிருப்பான்.

நீ இனித் தனியாக இல்லை. மாதத்துக்கு ஒரு கடிதம் அண்ணனிடமிருந்து வரும். உன்னை இங்கே கூப்பிட என்ன வழி என்று விசாரித்து வருகிறேன். காலம் எடுக்கும். அதுவரை கடிதம் எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுது. என்ன சாப்பிட்டாய் என்று எழுது. உடம்பைப் பற்றி எழுது. பத்து வரியில் நிறுத்தாதே.

மச்சானுக்காக இனி விரதம் இருந்து உடம்பைக் கெடுக்காதே. அவன் விரும்பமாட்டான்.

அன்புள்ள அண்ணன்
க. நகுலேஸ்வரன்