இரண்டுக்கு முன்னால் பத்து

அன்புள்ள மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு நாங்கள் நலமாக இருக்கிறோம். போனில் எதைச் சொன்னாலும் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய், அதற்கு அர்த்தம் சரி என்பதா ஆளை விடு என்பதா என்று அப்பாவுக்கும் எனக்கும் சண்டை வருகிறது, அதனால்தான் கடிதம்.

போன லீவில் நம் சலவைக் கடைக்கு நீ எழுதிக் கொடுத்த டோக்கன் புரோகிராம் ஒரு வாரமாகப் பேயாட்டம் ஆடுகிறது கண்ணா. ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டதும் பத்தைக் கூப்பிடுகிறது, பிறகு பதினொன்று, பன்னிரண்டு என்று போய், அதற்கப்புறம்தான் இரண்டு. இதை முதலில் பார்த்தவள் உன் தங்கை, ஆனால் வாயைத் திறந்து சொன்னாளா, இல்லை, ஒரு துண்டுச் சீட்டில் “திரையில் இரண்டுக்கு முன்னால் பத்து” என்று எழுதி என் பக்கம் தள்ளிவிட்டு ஈரத் துணிக் கூடைக்குப் பின்னால் போய்விட்டாள். அதற்குள் இரண்டாம் நம்பர்க்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஏம்மா, இப்ப வந்தவருக்குச் சட்டை, அப்பவே வந்த எனக்குக் கொட்டாவியா என்று கேட்டுவிட்டார். எதிரே அடுக்குமாடி திறந்ததிலிருந்து சாயங்காலம் பதினைந்து பேராவது நிற்கிறார்கள். நீ ஐந்து டோக்கனை வைத்து ஓட்டிக் காட்டினாய், நாங்களும் கை தட்டினோம், தப்பு எங்கள் மேலும் இருக்கிறது.

உன் சித்தப்பா மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினோரு சான்றிதழ் வைத்திருக்கிறான், எல்லாம் வீடியோ பார்த்தே வாங்கியது, அதுவும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடம் நடத்துகிறவர் எலி மாதிரி கீச்சுக் கீச்சென்று பேசுகிறார். அரை மணி நேரம் திரையையே பார்த்துவிட்டு, பெரியம்மா, ஒன்பது டோக்கனுக்கு மேல கொடுக்காதீங்க, புரோகிராம் நல்லாத்தான் இருக்கு, கூட்டம்தான் சரியில்ல என்றான். முழுவதையும் புதிதாக எழுதித் தருகிறானாம், சனிக்கிழமை வந்து கடை லேப்டாப்பை எடுத்துப் போகிறானாம். நானும் சரி என்று சொல்லிவிட்டேன், ஓட்டல் மேனேஜர் வேறு இன்னொரு தடவை இப்படி ஆனால் படுக்கை விரிப்பையெல்லாம் வேறு கடைக்கு மாற்றுவேன் என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இனி உன் தங்கையைக் கல்லாவில் நிறுத்தலாம் என்று இருக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றவள், ஆள் முகத்தைப் பார்த்தாலே குரல் உள்ளே போய்விடுகிறது, நாலு பேரிடம் பேசினால்தானே சரியாகும். இவள் என்னடா என்றால் அந்தக் கம்ப்யூட்டர் மொழிக்கு என்று எழுதி வைத்திருக்கிற விளக்கப் பக்கங்களை அகராதியும் கையுமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே பக்கம், மூன்று நாள். சித்தப்பா மகன், அதையெல்லாம் யாராவது படிப்பாங்களா, மாத்திரை டப்பாவுக்குள்ள இருக்கற சீட்டு மாதிரி அது என்று சிரித்தான். உன் மகன் அந்தச் சீட்டைப் படிக்காமல்தான் மாத்திரை கொடுத்திருக்கிறானோ என்று அப்பா இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தார், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. இப்போது இவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, லேப்டாப்பைக் கொடுக்க வேண்டாம் என்று தரையைப் பார்த்துச் சொல்கிறாள். பிறந்ததிலிருந்து இவள் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நீதான் வாத்தியார் ஸ்தானத்தில் இருக்கிறாய், யாரிடம் கொடுப்பது என்று சனிக்கிழமைக்குள் போன் செய்து வாயால் சொல், விரலால் வேண்டாம்.

கண்ணுக்கு ஓய்வு கொடு. நாற்காலியில் கூன் போட்டு உட்காராதே. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருப்பாய். பழைய போர்வையைத் துவைக்காமல் பெட்டியில் வைக்காதே, சலவைக்கடைக்காரர் பிள்ளை என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

ஆசிகளுடன்,
அம்மா

அண்ணா, இது நானாக எழுதுவது. அம்மா கல்லாவுக்குப் போயிருக்கிறாள். தபால் சனிக்கிழமைக்குள் உனக்கு வந்து சேராது, அதை அம்மாவிடம் சொல்லவில்லை. வரிசைப்படுத்தும் கட்டளையைப் பற்றிய பக்கத்தில் இரண்டாவது வாக்கியத்திலேயே இருக்கிறது: எப்படி அடுக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் எண்களையும் அது எழுத்துகளாக எடுத்துக்கொள்ளும், பத்தில் முதலில் நிற்பது ஒன்று, அதனால் இரண்டுக்கு முன்னால் போய்விடும். நீ எப்படி அடுக்குவது என்று சொல்லவில்லை. மூன்று நாள் ஆனது புரியாததால் இல்லை. அங்கே இருந்த உதாரணம் ஒவ்வொன்றையும் நானே தட்டிப் பார்த்தேன், பிறகு வேண்டுமென்றே ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணையோ ஒரு குறியையோ மாற்றி என்ன ஆகிறது என்று பார்த்தேன், பார்த்ததை நோட்டில் தமிழில் எழுதினேன். எழுத வராத வாக்கியம் எனக்குப் புரியாத வாக்கியம் என்று வைத்துக்கொண்டு திரும்பப் படித்தேன். உன் புரோகிராமில் கைவைக்கப் பயமாக இருந்தது, நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரியை மாற்றினேன், இருபது டோக்கன் போட்டு ஓட்டினேன், ஒன்றிலிருந்து இருபது வரை ஒழுங்காக வந்தது. இன்றைக்குக் கடைத் திரையில் ஓடுவது அதுதான். கோபித்துக்கொள்ளாதே.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது வெளியே பன்னிரண்டு பேர் நின்றார்கள். வேன்காரருக்கு இன்றைக்கும் இரண்டாம் நம்பர்தான். சித்தப்பா மகனும் இன்றைக்கே லேப்டாப் பையோடு வந்து நின்றான். நான் எழுந்து போய் அம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, ஒன்றாம் நம்பரின் துணியைக் கொடுத்து, திரையைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “ரெண்டு” என்று கூப்பிட்டேன்.