வாலைப் பார்க்க ஆள் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

விமானத்தை ஹேங்கர் கொட்டகைக்குள் தள்ளும்போது வால் பக்கம் நிற்க இனி ஆள் கிடையாதாம். மேனேஜர் கையெழுத்துப் போட்டு சுற்றறிக்கை ஒட்டிவிட்டார். இறக்கைக்கு ஒருவராக நானும் எலக்ட்ரீஷியனும் போதுமாம். “வால் எங்கம்மா ஓடிப்போயிடப் போகுது?” என்றார். விமானங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஜூன் 4

மேனேஜரிடம் மறுபடி கேட்டேன். “வாலையும் நீயே பாரு. கண்ணு ரெண்டு இருக்கில்ல?”

இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம்தான் பார்க்கின்றன.

ஜூன் 11, புதன்

‘முந்நூறு நாட்கள் – ஒரு கீறல்கூட இல்லை’ என்று வாசலுக்கு மேலே பேனர். வெள்ளிக்கிழமை சேர்மன் வருகிறார். பேனர் கோணலா நேரா என்று மேனேஜர் இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்தார். அதற்கு மட்டும் ஆள் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இடித்துவிட்டது.

டிராக்டரில் மாமா, அக்கா வீட்டுக்காரர். பதினெட்டு வருஷமாக ஒரு கீறல் போடாதவர். அதை மற்றவர்கள் மறக்க விடாதவரும்கூட. விமானத்தைப் பின்பக்கமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். என் இறக்கை தாராளமாகப் போனது. டொக் என்று ஒரு சத்தம். அப்புறம்தான் நிறுத்தச் சொல்லி விசில் அடித்தேன். பேனர் கட்டியவர்கள் விட்டுப்போன ஏணிமேடையில் வால் முட்டியிருந்தது. உள்ளங்கை அளவு நசுங்கல்.

மேனேஜர் ஓடிவந்தார். “இது பழைய அடிதானே? அப்படியே எழுதிக் கொடு. நாளைக்கு சேர்மன் வர்றார்.”

நாளைக் காலை அதில் நூற்றைம்பது பேர் ஏறுகிறார்கள். அது அவர் நினைவுக்கு வரவில்லை.

மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். “எழுதிடும்மா. என் பேரு போயிடும்” என்றார் மெதுவாக. அதற்குள் அக்காவின் போன். “உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர்டி உன் மாமா!”

நான் என்னதான் பண்ணட்டும்? வாய மூடிட்டு எழுதிக் கொடுத்துட்டா, நாளைக்கு அது மேல போறப்ப நான் கீழ நின்னு எப்படிப் பார்ப்பேன்?

நடந்ததை எழுதினேன் – வாலுக்கு ஆள் இல்லை, மேடை கிடந்ததை நானும் முன்னாடியே பார்க்கவில்லை, சத்தம் கேட்ட பிறகுதான் விசில். மெக்கானிக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, “இது பறக்காது” என்று சிவப்பு அட்டையை மாட்டினார்.

ஜூன் 13

வாலைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே முழ நீளத்துக்கு விரிசல். சேர்மன் வரும் முன்பே பேனர் இறங்கிவிட்டது. மாமா சஸ்பெண்டு.

ஜூன் 15

அக்கா போனை எடுக்கவில்லை. நானும் பதினொரு தடவைக்கு மேல் அடிக்கவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே.

ஜூன் 24

விசாரணை. ‘வாலை யாராவது கவனிப்பார்கள் என்று நினைத்தேன்’ என்றார் மேனேஜர். சுற்றறிக்கையை அவர் முன்னால் வைத்தார்கள். தன் கையெழுத்தை யாருடையதோ போல உற்றுப் பார்த்தார்.

பிறகு மாமா. டிராக்டர் சீட்டிலிருந்து வால் தெரியுமா என்று கேட்டார்கள்.

“தெரியாது சார். ஆள் இல்லாம தள்ள மாட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. அடிபட்டப்புறம் பொய் எழுதச் சொன்னேன். இந்தப் பொண்ணு எழுதல.”

என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கித் தொலைத்தது.

ஜூலை 2

மேனேஜருக்கு மாற்றல். தலைமை அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தப்போகிறாராம். சிரித்தேன். அடக்க முயலவில்லை.

ஜூலை 7, திங்கள்

மாமா வேலைக்குத் திரும்பினார். வால் பக்கம் நிற்க இப்போது மறுபடி போட்டிருக்கும் ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். மாமா எஞ்சினை அணைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார். புது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், தானே போய் அந்த ஆளைக் கூட்டிவந்தார்.

உள்ளே நிறுத்திய பிறகு மாமா என்னிடம் வந்தார். “ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடு. அக்கா சொன்னா. அவளா போன் பண்ண மாட்டா, வெக்கப்படுறா.”

“யோசிச்சு சொல்றேன் மாமா” என்றேன். என்ன யோசனை, போகத்தான் போகிறேன்.