தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இரண்டு நிமிடம்

குருவிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த படிப்பு மாற்றும் படிவமும் வந்து சேர்ந்தன. ஒரு பேப்பரில் ஃபெயில், மற்றதிலும் பின்தங்கிவிட்டேன், கணக்கு எனக்கு வராது, வேறு படிப்புக்குப் போகிறேன், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று நாலே வரி. அன்றைக்குப் பார்த்து உன் அத்தை வேறு வந்து சேர்ந்தாள். நீ அப்ளைடு மேத்ஸ் படிக்கிறாய் என்று அம்மா எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு, பாவம், புள்ள அப்ளை பண்ணி ரெண்டு வருஷமாச்சே, இன்னுமா சீட்டு கிடைக்கல என்று கேட்டாள். அம்மா அரைமணி நேரம் விளக்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்ப வேற எதுக்காவது அப்ளை பண்ணச் சொல்லு என்றாளே பார், எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, டிப்போ சங்கதிக்கு வருகிறேன். போன விடுமுறையில் என் டைம் கீப்பர் மேசைக்குப் பக்கத்தில் பத்து நாள் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, டிரைவர்களிடம் குருவி என்று பெயர் வாங்கினாயே, நினைவிருக்கிறதா? மூன்று பஸ் ஒட்டிக்கொண்டு வருவது ஏன் என்று நீ எழுதிக் கொடுத்த தாளைப் பழைய மேனேஜர் படிக்கவே இல்லை. நான் விடுவேனா, டிராயரில் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது வந்திருக்கும் மேனேஜரம்மாவிடம் அதை நீட்டினேன். பின்னால் வரும் வண்டி நெருங்கிவிட்டால் தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் அதை இரண்டு நிமிடம் நிறுத்தி அனுப்ப வேண்டும், அவ்வளவுதானே? செய்து பார்த்தார்கள். மூன்று வாரமாகிறது, வண்டிகள் சீராக இடைவெளி விட்டு வருகின்றன, ஜனங்கள் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்கள். டிரைவர்கள் அந்த இரண்டு நிமிடத்துக்கே உன் பெயரை வைத்துவிட்டார்கள். ஒரு குருவி போட்டுட்டு வரேன் என்கிறார்கள். நானும் ட்ரிப் ஷீட்டில் 'கு' என்று ஓர் எழுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு முறை போடும்போதும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரிவதில்லை. மேனேஜரம்மா கேட்டார், இது யாரு கண்டுபிடிச்சது என்று. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான், என் பொண்ணு என்று சொன்னேன்.

உன் தாளை நேற்று மறுபடி படித்தேன். குறிகளெல்லாம் எனக்கு விளங்காது, நீ தமிழில் எழுதியிருந்த ஓரிடம் மட்டும் விளங்கியது. ஒரு வண்டி கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் அதிகம் சேரும், ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் இன்னும் தாமதமாகும், அதில் டிரைவரின் குற்றம் ஒன்றும் இல்லை, அவருக்கு மெமோ கொடுத்துப் பயனில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதிய பிள்ளை ஒரு பாடத்தில் பின்தங்கியதற்காகத் தனக்குத் தானே மெமோ கொடுத்துக்கொள்கிறதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. கோபமில்லை குருவி, வருத்தம்தான்.

மறுதேர்வு எப்போது என்று விசாரி. கேட்க வெட்கப்படாதே, வாத்தியாரிடம் போய் இது புரியவில்லை என்று சொல், டிப்போவில் என்னைத் துளைத்தெடுத்த வாய்தானே. பட்டினி கிடந்து படிக்காதே. தம்பி உன் ஸ்டாப் வாட்ச்சைக் கேட்கிறான், தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

படிவத்தில் நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறோம். எந்தப் படிப்பு படித்தாலும் நீ எங்கள் பெருமைதான், அதில் மாற்றமில்லை. நோயில்லாமல், மனக்கவலையில்லாமல் நீடூழி நன்றாக இரு. தேதியை மட்டும் நாங்கள் எழுதவில்லை. அதை நீதான் எழுத வேண்டும், எழுதுவதற்கு முன்னால் ஒரு குருவி போடு.

இப்படிக்கு,
குருவியின் அப்பா
(டிப்போவில் இப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்)