எல்லாரையும் கரை சேர்த்தவளுக்கு

மச்சாள்,

இன்று காலை உன் கேம் கொன்ட்ரோலரைத் துடைத்தேன். முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால், பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இடது கைப்பிடி ஓரமாய் இருக்கிற மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. உன் மணிக்கட்டில் மாமி கட்டுவித்த மஞ்சள் நூல் உரசி உரசிப் படிந்த கறை அது. நூல் கட்டிய பிறகு விளையாடக் கூடாது என்று மாமி உன் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாரே. அப்படியிருந்தும் அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நீ விளையாடியிருக்கிறாய். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நெஞ்சு எரிந்தது. உன்னை நினைத்தால் எனக்கு இப்போது இந்த இரண்டும் இந்த வரிசையில்தான் வருகின்றன.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமி இதையெல்லாம் ஒரு பையில் போட்டுத் உன் தங்கச்சியின் புருஷனிடம் கொடுத்தனுப்பினார். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை. "பேய்ச் சாமான வீட்ட வச்சிருக்க ஒண்ணாதெண்டு மாமி சொன்னா" என்று வாசல் படலையிலேயே தந்துவிட்டுப் போய்விட்டார்.

பேய்ச் சாமான். அது கட்டாரிலிருந்து வந்த ஒருவரிடம் நான் பழசாக வாங்கிய கேம் பெட்டி. எங்கள் களுவாஞ்சிக்குடி வீட்டு டிவி சின்னது, தேற்றாத்தீவில் உங்கள் வீட்டு டிவி பெரியது என்பதால் அங்கே கொண்டுவந்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் நீ ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பைக் கட்டுவாய். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே நாங்கள் இருட்டு உண்டாக்கிக்கொண்டு உப்பும் தூளும் போட்ட மாங்காயோடு உட்கார்ந்திருப்போம். "பட்டப்பகல்ல வீட்ட இருட்டாக்கிப்போட்டு என்னடி செய்யிறீங்க?" என்று குசினியில் பாத்திரம் கழுவியபடியே மாமி கத்துவார்.

அதில் இருந்த ஒரு பேய்க்கதை விளையாட்டு உனக்கு அப்படிப் பிடித்துப்போயிருந்தது. பனி மூடிய ஏரிக்கரையில் ஓர் ஊர். அங்கே அகப்பட்டுக்கொண்ட ஐந்து பேர். தண்ணீருக்குள்ளிருந்து செத்தவர்கள் எழும்பி வருவார்கள். ஒவ்வொரு இக்கட்டிலும் திரையில் இரண்டு வசனங்கள் தோன்றும், மூச்சு விடுவதற்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். நாம் தெரிவுசெய்வதைப் பொறுத்து யாரோ ஒருவர் பிழைப்பார், அல்லது சாவார். ஐந்து பேரும் இங்கிலீஷில்தான் பேசினார்கள். நீ சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர்களுக்கெல்லாம் தமிழில் குரல் கொடுத்தாய். துப்பாக்கியோடு கதவைத் திறக்கிற வெள்ளைக்காரன் உன் வாயில், "ஆருகா அங்க? வாறதெண்டா சொல்லிப்போட்டு வாகா" என்பான். எனக்குப் பயம் வர வேண்டிய இடத்திலெல்லாம் சிரிப்பு வந்து மாங்காய் புரைக்கேறும். அவர்கள் தோணியில் ஏறுகிற காட்சியில் ஒருத்தன் எழும்பி நிற்பான். வாவிக்கரையில் வளர்ந்த உனக்கு அது பொறுக்காது. "இரிடா! நிண்டா தோணி கவுளும்" என்று திரையைப் பார்த்து ஏசுவாய். பேய் வருவதைவிட அவன் நிற்பதுதான் உனக்குப் பெரிய விஷயம்.

ஐவரில் ஒருத்தனுக்குக் கையில் செத்தவர்கள் கடித்த காயம். அவன் யாருக்கும் சொல்லாமல் சட்டைக் கையை இழுத்து இழுத்து மறைப்பான். கைமறைச்சான் என்று நீ பெயர் வைத்தாய். அவனை மாதிரி உன்னிடம் ஏச்சு வாங்கியவன் எவனும் இல்லை. "வாயத் திறந்து சொல்லன்டா! நல்லவன் மாதிரி நடிச்சு எல்லாரையும் கொல்லப்போறான் பாரு" என்று நீ போட்ட சத்தத்தில், யாரோடோ சண்டை என்று மாமி ஓடி வந்தார். அப்போதுதான் திரையில் அந்தச் செத்த பெண் தண்ணீரிலிருந்து முகத்தைத் தூக்கினாள். மாமி தோளில் கிடந்த துவாயை எடுத்து டிவியை மூடிவிட்டு, திருநீறு எடுக்கப் போனார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எல்லாரும் பிழைக்கிற முடிவு ஒன்று இருக்கிறது என்று நீ எங்கோ வாசித்திருந்தாய். அதற்குப் பிறகு வேறு எந்த முடிவும் உனக்குக் கணக்கில் இல்லை. கடைசி இடத்தில் ஒருவர் போனால்கூட அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாய். நாலு பேர் தப்பினது போதும், இனி அடுத்த விளையாட்டைப் பார்ப்போம் என்று நான் அலுத்துக்கொண்டபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "ஒராள விட்டிட்டுப் போய்க் கரையில என்னத்தக் கிழிக்கிற?" அப்படிச் சொன்னவள் நீ. இதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

பிறகு உனக்குத் தலையிடி தொடங்கியது. "கண்ணுக்கு இடப்பக்கம் மூலையில பனி நிக்குது மச்சாள். டிவிய நிப்பாட்டினாலும் போகுதில்ல" என்றாய். கண்ணை டொக்டரிடம் காட்டு என்றேன். "கேம் பிழையாக்கும், கழட்டித் துடைச்சிப் பாப்பம்" என்று உன் நெற்றியைத் தட்டிக் காட்டினாய். காலையில் குடித்த தேத்தண்ணியும் தங்காமல் சத்தி எடுக்கத் தொடங்கியதும் மாமிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த ஏரிப் பெண்தான் டிவிக்குள்ளால் வந்து மகளைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி நான் முற்றத்தில் நின்று சண்டை பிடித்தேன். "கொண்டுவந்து வச்சவள் நீதான்டி. இனி இந்த வளவுக்க கால் வைக்காத" என்றார் மாமி. என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிட்ட கை அன்றைக்குப் படலையைக் காட்டியது.

உன்னை அம்மன் கோயிலில் பூசை பண்ணுகிற கட்டாடியாரிடம் கொண்டுபோனார்கள். அவர்தான் மந்திரித்து நூல் கட்டினார். அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் செத்த வீட்டில் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நூலும் கட்டினன் புள்ள, ஆஸ்பத்திரிக்கும் ஒருக்காக் காட்டுங்க எண்டும் சொன்னன். மறுகா விசாரிச்சா, புள்ளைக்குக் குறைஞ்சிட்டு எண்டாங்க."

குறைந்துவிட்டது என்று சொன்னது யார்? நீ. மாமிக்குச் சொன்னாய், தங்கச்சிக்குச் சொன்னாய், போனில் எனக்கும் சொன்னாய். "எப்பிடிகா இரிக்கி இப்ப?" என்று கேட்டேன். "நூல் நல்லா வேலை செய்யிது மச்சாள்" என்று சிரித்தாய். உன் சிரிப்பை நம்பாமல் வேறு எதை நம்புவேன்? மாமி அம்மனுக்குப் பொங்கல் வைத்து ஊருக்கே கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

தங்கச்சியின் கல்யாணத்துக்கு வந்தேன். எனக்கு அழைப்பில்லை, அப்பாவோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். நீ நீலச் சேலையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றாய். நிலையை விட்டு நீ நகராததை நான் கவனித்தேன். களைப்பு என்றாய். கல்யாணம் முடிந்த அடுத்த கிழமை கிணற்றடியில் விழுந்தாய்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் கட்டி, நன்றாக வளர்ந்துவிட்டது. "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே" என்று டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். மாமிக்கு அது காதில் ஏறவில்லை. நூல் அறுந்துவிட்டதா என்று உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி சுடுதண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில்தான் நீ வாயைத் திறந்தாய்.

"குறையவே இல்ல மச்சாள். ஒருநாளும் குறையல்ல."

"அப்ப ஏன்டி அப்பிடிச் சொன்ன?"

"அவள்ட கலியாணம் கிட்ட வந்திட்டு. அவங்க வந்து இரிக்கப்போறது எங்கட வீட்டில. மூத்தவளுக்குத் தலையில வருத்தமெண்டு கேள்விப்பட்டா மாப்பிள்ளை வீட்டார் வருவாங்களா? முடியட்டும், மறுகா காட்டுவம் எண்டு நினைச்சன்."

எங்கள் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாததா? பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பவர். உனக்கு வர வேண்டிய வீட்டை, எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லித் தங்கச்சிக்கு எழுதுவித்தாய். அதையாவது நான் பெருந்தன்மை என்று ஏற்றுக்கொண்டேன். வீட்டோடு சேர்த்து உன் தலையையும் எழுதிக் கொடுப்பாய் என்று யார் கண்டது? எனக்கு உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. சட்டைக் கையை இழுத்து மறைத்தவனைத் திட்டித் தீர்த்தவள், ஓராளை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றவள், அந்த ஓராள் தானாக இருந்தால் பரவாயில்லை என்று எந்த நேரத்தில் முடிவெடுத்தாள்? இங்கே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க முடியாதென்று உனக்குத் தெரியாதா?

"அம்மாக்குச் சொல்லாத" என்றாய். "தங்கச்சிக்குச் சொல்லவே சொல்லாத." நான் ஓம் என்று சொல்வதற்குள் மாமி சுடுதண்ணீர்ப் போத்தலோடு வந்துவிட்டார். என் பதிலுக்கு நீ காத்திருக்கவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டாய்.

போன கிழமை களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மாமியைக் கண்டேன். தங்கச்சி தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட நின்றாள். நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாமி மரக்கறிக்காரியிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "இந்தா நிக்கிறாள். என்ட புள்ளைக்குப் பேயக் கொண்டுவந்து குடுத்துச் சாகடிச்சவள்."

"விடுங்கம்மா, சனம் பாக்குது" என்றாள் தங்கச்சி. ஆனால் அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அதைத்தான் நம்புகிறாள்.

எனக்கு ஒரு வசனம் போதும் மச்சாள். உங்கள் மகள் உங்களுக்குப் பொய் சொன்னாள் மாமி, இவளுடைய கல்யாணம் குழம்பக் கூடாதென்று. அவ்வளவுதான். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மரக்கறிக்காரி தராசைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் குழந்தை எட்டி மாமியின் மூக்குக் கண்ணாடியைப் பறித்தது. திட்டிக்கொண்டிருந்த வாயோடு மாமி சிரித்துவிட்டார். நீ போன பிறகு மாமி சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. கத்தரிக்காய்க்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதைக் கேட்டு என்னை நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். மாமியில் எனக்குக் கோபமில்லை. பெற்றவர், யாரையாவது திட்டாமல் எப்படி இருப்பார்? கோபமெல்லாம் உன்னில்தான். தங்கச்சிக்கு வாழ்க்கையைக் கொடுத்தாய், மாமிக்குத் திட்டுவதற்கு ஓர் ஆளைக் கொடுத்தாய். எனக்கு இதைக் கொடுத்தாய். அவர்கள் இருக்கும் காலமெல்லாம் உன்னைக் கொன்றவள் நான்தான். இல்லை என்று அவர்களிடம் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.