மேஸ்திரி வீட்டுக் கீரை

பக்கத்து வீட்டில் ரங்கூன் அரிசி கொதிக்கிறது. அந்த வீட்டுக்காரருக்குப் போன வாரம்தான் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி வேலை கிடைத்தது. கஞ்சி வடிக்கும் வாசனை சுவர் தாண்டி வந்ததும் உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன புருஷன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் யாரும் உங்களோடு குடித்தனம் பண்ணவில்லை.

நீங்கள் கூலியாக இருந்தவரை நம் வீட்டில் கேழ்வரகுக் களியும் முருங்கைக் கீரையும்தான். முருங்கை நம் வேலியில் நின்றது, பரங்கி நம் கூரையில் படர்ந்தது, கேழ்வரகு பாலாற்றங்கரையில் என் அப்பா போட்டது. தலைவலி என்றுகூட நீங்கள் படுத்ததில்லை. மேஸ்திரி ஆனதும் எல்லாம் போயிற்று. பகலில் மேஸ்திரிகள் கூலிகளை விட்டுத் தள்ளி, வட்டமாக உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். யார் தூக்கில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். முதல் நாளே ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, இன்னும் கூலிக்காரன் சோறுதானா?" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பை அப்படியே வீட்டுக்குச் சுமந்து வந்து என் தலையில் இறக்கினீர்கள்.

"இனிமே இந்த வூட்ல தழை வேவக் கூடாது. ஆட்டுக்குப் போடறத எனக்குப் போடாத."

அன்று முதல் ரங்கூன் அரிசியில் வெள்ளைச் சோறு, புளிக்குழம்பு, கருவாடு. எனக்கும் குழந்தைக்கும் அதேதான். வருஷம் திரும்புவதற்குள், அந்தி சாய்ந்தால் நம் பெண் தட்டுத் தடுமாற ஆரம்பித்தாள். மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்சம்மா அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "மருந்து உங்க வேலியிலயே நிக்குதேம்மா. கீரையும் பரங்கிப் பழமும் தெனமும் குடு, கொஞ்சம் எண்ணெ வுட்டு" என்றார். கொடுத்தேன். சில வாரங்களில், அந்தி மங்கலில் கோழிகளை அவளே துரத்திப் பிடித்துக் கூடையில் கவிழ்த்தாள். நீங்களும் பார்த்தீர்கள். "குழந்தைக்குத்தானே, குடு" என்று பெரிய மனசு பண்ணினீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், செம்பு உங்கள் முன்னாலேயே இருக்க, நீங்கள் வேறு பக்கம் துழாவினீர்கள். அந்த வாரம் முழுக்கக் கவனித்தேன். விளக்கேற்றும் வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே மாட்டீர்கள்.

"உங்களுக்கும் மாலைக்கண்ணுதாங்க. ரெண்டு வாய் கீரை சாப்டுங்க."

"எனக்கு இன்னாடி கொறச்சல்? கத்தாத. ஷாப்புல எவன் காதுலயாவது வுழுந்தா வேலை பூடும்."

கீரையைத் தொட்டால் கண் கெட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் தொடவில்லை. பருப்போடு மசித்துக் கலந்து கொடுத்தேன். ஒரே வாயில் கண்டுபிடித்து, தட்டோடு வாசலில் கொட்டினீர்கள். நாக்கு மட்டும் உங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அது ஐப்பசி. மழை மூடிக்கொண்டு, பொழுது சாயும் முன்பே இருட்டிய நாள். தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளுக்கு நடுவே போகும் அந்தக் குறுகல் வழியில் நீங்கள் கால் பழக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தீர்கள். அன்று யாரோ அந்த வழியில் ஈரத் தோல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கண் தெரிந்தவர்கள் சுற்றிப் போனார்கள். நீங்கள் நேராகப் போய்த் தடுக்கிக் குழிக்குள் விழுந்தீர்கள். தூக்கி வந்தபோது உடம்பெல்லாம் வெந்திருந்தது. அந்த வாரத்தை நீங்கள் தாண்டவில்லை.

"மழையில கால் வழுக்கிடுச்சி, பாவம்" என்றார்கள் ஷாப்புக்காரர்கள். நானும் ஆமாம் என்றேன். இன்றுவரை ஊருக்கு அதைத்தான் சொல்கிறேன். உங்கள் மேஸ்திரி மானத்தை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை ஒரு கொத்து முருங்கையை ஒடித்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். "இவுரு இப்பல்லாம் இத சாப்ட மாட்டாருக்கா" என்று வெட்கத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பெருமையும் இருந்தது. எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

போன ஆடி அமாவாசைக்கு உங்கள் அக்கா வந்திருந்தார். படையலுக்கு உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் அவரே சொல்லிச் சொல்லிச் சமைக்கவைத்தார். எல்லாம் பரிமாறி முடிந்ததும் நான் அடுப்படிக்குப் போய், மூடி வைத்திருந்த களியையும் கீரையையும் எடுத்து வந்து இலையின் நடுவில் வைத்தேன்.

"இன்னாடி இது? அவனுக்குப் புடிக்காதத வெக்கிற?"

"புடிக்கலைன்னா அவரே வந்து சொல்லட்டும், அண்ணி."

அவர் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். நான் போகவில்லை. திட்டுவதற்காவது வருவீர்கள் என்று அந்த இலைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.