அறுபத்து நான்காம் பக்கத்து உவமைகள்

மார்ச் 11, 2024

எட்டாம் வகுப்பு ஆங்கில இலக்கணக் கைடுக்கு நான் நூலாசிரியையாகிவிட்டேன். தெப்பக்குளத்தருகே கைடு போடும் தமிழ்மணி, போன வருஷத்துப் புத்தகத்தையே கையில் கொடுத்தார். "மேட்டரெல்லாம் ரெடியா இருக்கு மேடம். லேசா ஒரு பார்வை பாத்தா போதும். அட்டையில உங்க பேரு, எம்.ஏ., எம்.ஃபில். அதுதான் விக்கும்."

முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியதற்கு ஒரு பயன் கிடைத்துவிட்டது. அட்டை.

பக்கம் 64: 'ஆங்கில உவமைகள் இருபத்தைந்து.' தைரியத்துக்குச் சிங்கம், சுறுசுறுப்புக்குத் தேனீ, பிடிவாதத்துக்குக் கோவேறு கழுதை, வெண்மைக்குப் பனி. பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு. பதினேழு எங்கே?

மார்ச் 14

மெயின்கார்டு கேட் கடைகளில் வேறு மூன்று கம்பெனிகளின் கைடுகளை வாங்கி வந்தேன். மூன்றிலும் அதே பட்டியல். மூன்றிலும் பதினேழு இல்லை. யாரோ ஒருவர் எப்போதோ விட்டதை மற்றவர்கள் பக்தியோடு விட்டு வந்திருக்கிறார்கள்.

என் கணவர் பிரஹலாத் சொன்னார்: "ஊர்ல ஒருத்தரும் தேடாத பதினேழை நீ ஏன் வெயில்ல அலைஞ்சு தேடிண்டிருக்கே?"

அதனால்தான்.

மார்ச் 20

பட்டியலில் அறிவுக்கு ஆந்தை. முன்பு எங்கள் கல்லூரியில் ஒரு பிரிவுபசார விழா. ஓய்வு பெறுகிறவர் முதல்வரை ஆங்கிலத்தில் 'ஆந்தையைப் போல அறிவாளி' என்று வாழ்த்தினார். மேடையில் தமிழாக்கம் செய்ய ஒப்புக்கொண்ட தாவரவியல் பேராசிரியர் ஒரு சொல்லும் விடாமல் தமிழாக்கினார். முதல்வருக்கு இயல்பாகவே கொஞ்சம் பெரிய கண்கள். கூட்டம் முழுவதும் ஒரு நிமிஷம் அந்தக் கண்களையே பார்த்தது. தாவரவியலுக்கு அந்த வருஷம் புது மைக்ராஸ்கோப் வரவில்லை.

ஏப்ரல் 6

நிதானத்துக்கு வெள்ளரிக்காய், அத்தனை குளிர்ச்சியாம். சோதித்துப் பார்ப்பதென்று பகல் பன்னிரண்டரைக்கு ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரோடு காந்தி மார்க்கெட் போனேன். வழக்கமாக நான் காய் வாங்குகிற வள்ளிக்கண்ணுவின் கடையில், சாக்கின் மேலிருந்த காயில் செருகினேன்.

"என்னம்மா, வெள்ளரிக்காய்க்குக் காய்ச்சலா?"

"102 டிகிரி."

"அச்சச்சோ. ஒரு ஊசி போட்டு எடுத்துட்டுப் போங்க. ஓட்டை போட்ட காயை நான் யாருகிட்ட விக்கிறது?"

விஷயத்தைச் சொன்னேன். தன் மகள் கலைமதி ஜூனில் எட்டாவது போகிறாள் என்றாள். "அப்ப நீங்க எழுதுறதைத்தான் எம்புள்ள படிக்கணுமா? பாத்து எழுதுங்கம்மா."

ஏப்ரல் 9

நான் பனியைப் பார்த்த ஒரே இடம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ். கரண்டியால் சுரண்டினோம். வெள்ளையாக இல்லை.

ஏப்ரல் 22

முடித்தேன். ஒரு சிங்கமும் மிஞ்சவில்லை. மே மாதக் கொள்ளிடத்தைப் போல வறட்சி. வைகுண்ட ஏகாதசி வரிசையின் கடைசி ஆளைப் போலப் பொறுமை. வெயிலில் நின்ற பைக் சீட்டைப் போலச் சூடு. காலியாக இருந்த பதினேழில் தைரியத்தை வைத்தேன்: சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடப்பவரைப் போல. எல்லாம் நல்ல ஆங்கிலத்தில்.

கீழே ஒரு வரி: 'இவை உதாரணங்கள் மட்டுமே. நீங்களே பார்த்து, நீங்களே எழுதுங்கள்.'

மே 3

தமிழ்மணியின் ஃபோன்.

"சிங்கம் எங்க மேடம்?"

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"வண்டலூர்ல பாத்தேன். தூங்கிட்டு இருந்துச்சு."

"தைரியமாகத் தூங்கியதா?"

"ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம். பழசையே போட்டுடறேன்."

பழையதைப் போட்டால் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அட்டைதான் முதலில் சிவகாசியில் அச்சாகும் என்பது எனக்குத் தெரியும். ஐயாயிரம் அட்டைகள், ஐயாயிரத்திலும் ஹம்ஸா, எம்.ஏ., எம்.ஃபில்., போன வாரமே வந்து இறங்கிவிட்டன. அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சரி மேடம். புதுசாவே இருக்கட்டும்."

ஜூன் 4

புத்தகம் வந்தது. பதினேழு தன் இடத்தில் இருக்கிறது. கீழே நான் எழுதிய வரியைக் காணோம். "இடம் பத்தல மேடம்." போகட்டும் என்று விட்டுவிட்டேன். பதினேழை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 19

பள்ளி பள்ளியாகக் கைடு கொண்டுபோகும் மருதை வந்திருந்தார். "டீச்சருங்கல்லாம் அந்தப் பதினேழு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறாங்கம்மா. ரெண்டு ஸ்கூல்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒரு பெரிய ஸ்கூல்ல மட்டும், புதுசா இருக்கே, போட்டி கைடுல இல்லையேன்னு மொத்தமா எடுத்துக்கிட்டாங்க."

வள்ளிக்கண்ணுவின் மகள் படிப்பதும் அந்தப் பள்ளியில்தான்.

ஆகஸ்ட் 8

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் போகும் பஸ்ஸில் பின் சீட்டுப் பிள்ளைகள் என் உவமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மாம்பழச்சாலை வரை எனக்குப் பெருமையாக இருந்தது. காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நம்பரோடு, ராகம் போட்டுச் சொல்கிறார்கள். பதினாறு, பதினேழு, பதினெட்டு.

சத்திரத்தில் இறங்கி ரோட்டைக் கடந்தார்கள். கடக்கும்போதும் சொல்லிக்கொண்டே போனார்கள்.

அக்டோபர் 9

வள்ளிக்கண்ணு வீட்டுக்கே வந்துவிட்டாள், மகளின் காலாண்டுப் பரீட்சைத் தாளோடு. கேள்வி: தைரியத்துக்கு உவமை. கலைமதி எழுதியிருக்கிறாள்: 'மார்க்கெட்டில் தராசைப் பிடுங்க வந்தவரை எதிர்த்துக் கேட்ட என் அம்மாவைப் போல.' ஆங்கிலத்தில்தான். ஒரு எழுத்துப் பிழை, அர்த்தத்தில் பிழையில்லை. அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. பக்கத்தில் டீச்சரின் கையெழுத்தில்: 'கைடு, பக்கம் 64, எண் 17.'

"மார்க்கு போனா போவுதும்மா. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கா, அப்ப நீ தைரியசாலி இல்லையாம்மான்னு. உங்க புஸ்தகத்துல நான் இல்லையாம்."

நான் என்ன பதில் சொன்னேன்? காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

அந்த வரி போனபோதே சண்டை போட்டிருக்கணும். போட்டேனா? பதினேழு வந்துடுத்துன்னு பார்த்துண்டு உட்கார்ந்திருந்தேன். சிங்கத்தை விரட்டிட்டு அந்தக் கூண்டுல நானே போய் உட்கார்ந்துண்டாச்சு.

அக்டோபர் 14

டீச்சரின் பெயர் யமுனா. கெட்டவள் இல்லை, களைத்தவள். ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்றே பேசினாள்.

"கைடுல இல்லாத பதிலுக்கு மார்க் போட்டா, நாளைக்கு நாப்பது பேரன்ட்ஸ் வந்து நிப்பாங்க மேடம். எம்புள்ளையும் புதுசா எழுதியிருக்கான், போடுங்கம்பாங்க. மேனேஜ்மென்ட் என்னைத்தான் கேக்கும்."

"அந்தக் கைடை எழுதியவளே சொல்கிறேன்."

"நீங்க சொல்றீங்க. புக்குல இல்லையே."

அவளுடைய கைடை வாங்கினேன். 64ஆம் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால், 'பிள்ளைகள் தாமாகவே பார்த்து எழுதும் எந்தப் பொருத்தமான உவமையும் சரியான விடை' என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டேன். யமுனா அதை இரண்டு முறை படித்தாள்.

"பிரின்ட்ல இருந்தா நல்லாருக்கும் மேடம்."

நவம்பர் 18

தமிழ்மணியிடம் சொன்னேன்: அடுத்த பதிப்பில் என் உவமைகளை எடுத்துவிட்டு இருபத்தைந்து கோடிட்ட இடங்கள் மட்டும் விடுங்கள்.

"வெறும் கோட்டைக் காசு குடுத்து எவன் மேடம் வாங்குவான்? இப்பதான் விக்கவே ஆரம்பிச்சிருக்கு. போட்டி கைடுக்காரனும் உங்க லிஸ்ட்டை அப்படியே போட்டிருக்கான், பாத்தீங்களா?"

"அப்படியென்றால் என் பெயர் வேண்டாம்."

"சரி மேடம்" என்றார், ரொம்ப மரியாதையாக. "இந்த வருஷம் அட்டை இன்னும் சிவகாசிக்குப் போகல."

கற்றுக்கொண்டுவிட்டார். நான் நடத்தியதில் அவர்தான் நல்ல மாணவர்.

நவம்பர் 19

பிரஹலாத்: "உன் பேரும் போச்சு, வரப்போறதும் உன் லிஸ்ட்டேதான். எதுக்குடி இந்த வீம்பு?"

என் பெயரைக் காட்டி இன்னொரு பிள்ளைக்குப் பெருக்கல் குறி போட முடியாது. அவ்வளவுதான். அது போதாதா? போதாது. ஆனாலும் அவ்வளவுதான்.

ஜனவரி 8, 2025

மார்க்கெட்டில் வள்ளிக்கண்ணு கல்லாப் பெட்டியிலிருந்து அரையாண்டுத் தாளை எடுத்துக் காட்டினாள். அதே கேள்வி. கலைமதியின் பதிலும் அதே பதில்தான். எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

"பதினேழுல இருக்கறதை எழுதித் தொலைடீன்னு நான்தாம்மா சொன்னேன். மாட்டேன்னுட்டா."

சிவப்புக் குறி எதுவும் இல்லை. ஓரத்தில் அரை மார்க். அதையும் பென்சிலில் போட்டிருக்கிறாள் யமுனா, யாராவது கேட்டால் அழித்துவிட வசதியாக.

இதுவரை யாரும் கேட்கவில்லை.