மீன்சந்தையை வரைந்தவர்கள்

அண்ணை,

உங்கள் மேசையை ஒதுக்கும்போது கிடைத்ததென்று அண்ணி ஒரு வரைபடச் சுருளை அனுப்பியிருந்தா. விரித்தேன். ஓரத்தில் ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. பருத்தித்துறைக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் கட்டடக் கலைஞர்களாகச் சேர்ந்து செய்த சந்தையின் முதல் படம்.

அதில் மீன் வெட்ட இடுப்பளவு உயரத்தில் மேடைகள் போட்டிருந்தீர்கள். நான்தான் வற்புறுத்தி உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மீன் விற்கும் மகேசக்கா படத்தைப் பார்த்துச் சிரித்தா.

"தம்பி, நாங்கள் நிண்டு வெட்டிறேல்லை, நிலத்திலை இருந்துதான் வெட்டுவம். வாடைக்காத்துக்கு உந்த வாசலாலை மழை முழுக்க உள்ளை வரும்."

மூன்று மாதம் அந்தப் பெண்களோடு மணலில் இருந்தோம். வாசலைத் திருப்பியது அவர்கள். கழுவுநீர் ஓடும் சரிவைக் காட்டித் தந்ததும் அவர்கள். நான் குறித்தேன், நீங்கள் கோடாக்கினீர்கள். "இனி இப்பிடித்தான் வேலை செய்யவேணும்" என்றீர்கள். நம்பினேன்.

திறப்பு விழாவன்று பெயர்க்கல்லில் உங்கள் பெயர் மட்டும். மாலையோடு நின்று, "ஒருநாள் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கேக்கை முழுக் கட்டடமும் என்ரை மனசிலை வந்தது" என்றீர்கள். மகேசக்கா என் கையைப் பிடித்து, "பிள்ளை, அப்ப நாங்கள் சொன்னது?" என்று கேட்டா. உங்களிடம் வந்து கேட்டேன். "மீன்காரியளின்ரை பேரையும் கல்லிலை வெட்டச் சொல்லுறீரோ?" என்று சிரித்தீர்கள். அன்றோடு உங்கள் கந்தோரில் வேலையை விட்டேன். அந்தச் சந்தையைக் காட்டியே நீங்கள் கடைசிவரை விருது வாங்கினீர்கள்.

இப்போது உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவுப் புத்தகத்துக்கு நான் எழுதவேண்டுமென்று அண்ணி கேட்டா. எழுதினேன். யார் எதைச் சொன்னது என்று, ஒவ்வொரு பெண்ணின் பெயரோடும். உங்களுக்கு ஒரே வரி: இவர் கோடு அழகாகப் போடுவார்.

வாசித்துவிட்டு அண்ணி தொலைபேசி எடுத்தா.

"உது முழுக்க உண்மையோ?"

"ஓம் அண்ணி."

ஏசப்போகிறா என்று நினைத்தேன்.

"எங்கடை வீட்டைப் பற்றிப் பேப்பரிலை பெரிசா வந்ததெல்லோ? நடு முற்றமும் சமைக்கிற குசினியும் நான் சொல்லித்தான் கட்டினது. அதையும் சேர்த்து எழுதும்."

சேர்த்தேன். நேற்று அச்சாகி வந்தது. முதல் பிரதியை மகேசக்காவிடம் கொண்டுபோனேன். தன் பெயரை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா.

உங்களை நான் மன்னிக்கவில்லை, அண்ணை. புழங்கப்போகிறவர்களிடம் கேட்காமல் இன்றைக்கும் ஒரு கோடு போடமாட்டேன். அந்தப் பழக்கமும் இந்தக் கோபமும் என்னோடுதான் இருக்கின்றன. ஒரே குறை, இதை நீங்கள் உயிரோடிருந்து வாசித்திருக்கவேண்டும்.